மறு: மியாஸ்மாவுக்குத் தமிழ்ச்சொல்: ‘நச்சுக்காற்று’ வேண்டாம், ‘அழுகலாவி’ எனலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் 19-ஆம் நூற்றாண்டுப் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரைக்கு, மியாஸ்மா (நோயைப் பரப்புவதாக அக்காலத்தவர் நம்பிய கெட்ட ஆவி) என்பதை ‘நச்சுக்காற்று’ என்று போடலாம் என இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த மடலில் ‘துர்நாற்றக் கோட்பாடு’ வந்தது. இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

நச்சுக்காற்று என்றதும் நம் வாசகருக்குப் போபால் நினைவுக்கு வரும், இல்லையென்றால் ஆலைப்புகை. மான்செஸ்டர், லீட்ஸ் என ஆலை நகரங்களைப் பேசுகிற கட்டுரையில் அது பெரிய குழப்பம், புகைபோக்கிதான் காலராவுக்குக் காரணம் என்று அக்காலத்தவர் நம்பியதாக மாணவர் எடுத்துக்கொள்வார். அவர்கள் நம்பியது வேறு: மலக்குழி, சாணக்குவியல், இறைச்சிக் கழிவு, தேங்கிய சாக்கடை இவையெல்லாம் அழுகும்போது கிளம்பும் ஆவி உடம்புக்குள் போய் நோயாகிறது என்பது. அழுகல்தான் மூலம், நாற்றம் அதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். சீர்திருத்தத்தை முன்னின்று நடத்திய எட்வின் சாட்விக் 1846-இல் நாடாளுமன்றக் குழுவிடம் நாற்றமெல்லாம் நோய்தான் என்கிற அளவுக்குப் பேசினார், சரி. ஆனால் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார், 1849 காலராவில் லண்டனின் தாழ்வான பகுதிகளில் சாவு அதிகம், மேடு ஏற ஏறக் குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டியபோது, ஆற்றங்கரையிலிருந்து எழுந்து பள்ளத்தில் தங்கும் ஆவி என்றுதான் அதை விளக்க முடிந்தது. ‘துர்நாற்றம்’ என்ற சொல்லுக்குள் இது அடங்காது.

அதனால் என் பரிந்துரை அழுகலாவி. அழுகல் + ஆவி, புணர்ச்சியும் இயல்பாக இருக்கிறது. ஆவி என்றால் பேய் என்று படிப்பார்களே என்று கேட்கலாம். நீராவியும் ஆவியாதலும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கும்போது அந்தப் பயம் வேண்டாம். கிரேக்க மூலத்துக்குக் கறை, தீட்டு என்ற பொருள் இருப்பதால் ‘தீட்டுக்காற்று’ என்றும் ஒரு யோசனை வந்தது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தீட்டு நம் ஊரில் யாரை எங்கே நிறுத்தப் பயன்பட்ட சொல் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைக் கொண்டுபோய் லங்காஷயர் சேரிகளின் வரலாற்றில் ஒட்டக் கூடாது.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், சீர்திருத்தம் முழுவதும் இந்தக் கருத்திலிருந்துதான் புறப்பட்டது. சாட்விக்கின் 1842 அறிக்கையில், மான்செஸ்டரில் இறந்த கூலித்தொழிலாளர் குடும்பத்தாரின் சராசரி வயது 17, மேல்தட்டினருக்கு 38. கிராமப்புறமான ரட்லண்டில் தொழிலாளர் குடும்பத்துக்கே 38. லிவர்பூலில் இன்னும் மோசம், 15. இந்தச் சாவுகளுக்குக் கூலிக்குறைவைவிட அழுக்கைத்தான் அவர் முதன்மையாகப் பிடித்தார், ஆகவே தீர்வும் குழாய், தண்ணீர், பாதாளச் சாக்கடை என்று போயிற்று. 1848 பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது; ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 23 பேருக்கு மேல் இறக்கும் ஊரில் உள்ளூர்ச் சுகாதார வாரியத்தைக் கட்டாயப்படுத்த முடிந்தது.

அதே கருத்து ஆளையும் கொன்றது. வீட்டருகே அழுகக் கூடாது என்று மலக்குழிக் கழிவைச் சாக்கடை வழியாகத் தேம்ஸில் தள்ளினார்கள், அந்த ஆற்றுத் தண்ணீரையே தண்ணீர்க் கம்பெனிகள் குடிக்கக் கொடுத்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் ஆற்றின் மேற்பகுதிக்கு மாறிவிட்டது, சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி கழிவு கலந்த பாட்டர்சிப் பகுதியிலேயே தண்ணீர் எடுத்தது. 1854 காலராவின் முதல் ஏழு வாரங்களை மருத்துவர் ஜான் ஸ்னோ ஒப்பிட்டார்: பத்தாயிரம் வீடுகளுக்கு முதலாவதில் 37 சாவு, இரண்டாவதில் 315. ஒரே தெரு, ஒரே காற்று, குழாய் மட்டும் வேறு. அப்படியும் பெரும்பாலோர் அழுகலாவியை விடவில்லை. 1858 கோடையில் தேம்ஸ் நாறி நாடாளுமன்றத்தில் உட்கார முடியாமல் போனபோது பொறியாளர் பாசல்ஜெட்டின் பெருஞ்சாக்கடைத் திட்டத்துக்குப் பணம் கிடைத்ததும் இந்த ஆவிக்குப் பயந்துதான். 1866-இல் காலரா திரும்பி வந்தபோது, அந்தச் சாக்கடை இன்னும் இணைக்கப்படாத கிழக்கு லண்டனைத்தான் கடுமையாகத் தாக்கியது. அந்த முறை ஃபாரே தண்ணீரைக் கைகாட்டினார்.

‘நச்சுக்காற்று’ என்று எழுதினால் இவர்கள் ஏன் சாக்கடை கட்டினார்கள் என்பதே புரியாது. அழுகலாவி என்றால், அழுகுவதை அப்புறப்படுத்த ஓடுகிறார்கள் என்று படிப்பவருக்குத் தானாகவே பிடிபடும்.

கூட்டுச்சொற்கள்: அழுகலாவிக் கோட்பாடு, அழுகலாவிக் கொள்கையினர். நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்ற எதிர்த்தரப்புக்குத் ‘தொற்றுக் கொள்கையினர்’ என்பது போதும், புதிதாக வேண்டாம்.

அப்புறம், நம் சொற்பட்டியலில் அடுத்து இருக்கும் ‘நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர்’ (கழிவு, நாற்றம் போன்ற தொல்லைகளைக் கண்டு அகற்றவைத்த அலுவலர்) பற்றி ஒரு வார்த்தை. இதைச் சுகாதார ஆய்வாளர் என்று மாற்றிவிடாதீர்கள், அது பிற்காலப் பதவி. சட்டத்தமிழில் ‘பொதுத் தொல்லை’ ஏற்கெனவே இருப்பதால் ‘தொல்லை ஆய்வாளர்’ என்று வைக்கலாம் என நினைக்கிறேன். சட்டம் படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.