சிஎஸ்எம்மை அணைத்ததும் கணினி பயாஸை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே பாமினி, பேஜ்மேக்கர், முடியாத ஒரு கல்வெட்டு

உவர்மலை தட்டச்சு (செவ்வாய், இரவு)

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தே தமிழ் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். கல்யாணக் கார்டு, சாமத்தியவீட்டு அழைப்பிதழ், மரண அறிவித்தல், இறந்தவர் நினைவாக 31ஆம் நாள் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம், இவைதான் என் பிழைப்பு. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்புச் செயலியில், பாமினி எழுத்துருவில். யூனிகோடுக்கு மாறச் சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து வேறு திரிக்குப் போகவும். பதினாறு வருடக் கோப்புகள் இதற்குள் கிடக்கின்றன.

கணினி 2019இல் வாங்கியது. ஐ3, எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. 2025 ஒக்டோபர் 14உடன் அதற்கு வழமையான பாதுகாப்பு அப்டேட் முடிந்துவிட்டது என்பதால் 11க்கு ஏற்றலாம் என்று நினைத்தேன். தகுதி பார்க்கும் செயலி, 11க்கு வேண்டிய பாதுகாப்பு வசதிகளான டிபிஎம்மும் இல்லை, செக்யூர் பூட்டும் இல்லை என்றது. ஒரு வீடியோவைப் பார்த்து, கணினி கிளம்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய், டிபிஎம்முக்காக முதலில் பிடிடி என்பதை எனேபிள் செய்தேன். கணினி ஒழுங்காகத்தான் வந்தது. அதில் கொஞ்சம் துணிவு வந்துவிட்டது. அடுத்ததாக, செக்யூர் பூட்டுக்காக சிஎஸ்எம் என்பதை டிசேபிள் செய்தேன். எஃப்10ஐ அழுத்திச் சேமித்தால் திரை ஒருக்கா கறுக்கிறது, திரும்பவும் பயாஸே வந்து நிற்கிறது. ஏழெட்டுத் தரம் செய்து பார்த்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் 31. நாற்பது பக்கக் கல்வெட்டு; தேவாரமும் வம்சாவளியும் முடிந்தன, நன்றி நவிலலும் பேரப்பிள்ளைகளின் புலம்பலும் மிச்சம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். டிஸ்க் அழிந்துவிட்டதா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள், நான் நித்திரை கொள்ள வேண்டும்.

பாலையூற்றுத் தம்பி

அக்கா, ஒன்றும் அழியவில்லை. படுங்கள்.

நடந்தது இதுதான். உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அப்படியான டிஸ்க்கிலிருந்து விண்டோஸைக் கிளப்பப் பழைய பயாஸ் வழி வேண்டும், அந்த வழியைத் திறந்து வைத்திருப்பதுதான் சிஎஸ்எம். அதை மூடிவிட்டீர்கள். இப்போது மதர்போர்ட் யூஈஎஃப்ஐ என்ற புது முறையில் மட்டும் தேடுகிறது, கிளப்ப ஒன்றும் அகப்படாததால் பயாஸுக்கே திரும்பி வருகிறது. சிஎஸ்எம்மைத் திரும்ப எனேபிள் செய்தால் பழையபடி வரும். பிடிடி அப்படியே இருக்கட்டும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். 2019 கணினிக்கு எம்பிஆர் டிஸ்க் எப்படி வந்தது?

உவர்மலை தட்டச்சு

வந்துவிட்டது! சிஎஸ்எம்மைப் போட்டதும் விண்டோஸ் வந்தது. கையோடு கல்வெட்டைப் பென்டிரைவில் இரண்டு இடத்தில் வைத்துவிட்டேன்.

சந்தேகத்துக்குப் பதில், கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. புதுக் கணினி எடுத்தபோது கடைக்காரர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றார். எழுத்துருக்கள் போய்விடும் என்ற பயத்தில், பழைய கணினியில் இருந்ததை அப்படியே இதற்கு மாற்றித் தரச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றது நான்தான்.

கடலோரம்

விண்டோஸ் 10உம் வேண்டாம் 11உம் வேண்டாம், லினக்ஸ் மின்ட் போடுங்கள். நான் போட்டு மூன்று வருடம், ஒரு தொல்லையும் இல்லை.

உவர்மலை தட்டச்சு

பேஜ்மேக்கர் அதில் ஓடுமா தம்பி? ஓடினால் இன்றைக்கே போடுகிறேன்.

கடலோரம்

விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட வைன் என்று ஒன்று இருக்கிறது... சரி, உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

சம்பல்தீவு வாசகர்

புதிதாக நிறுவச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். போன வருடம் நான் அப்பாவின் கணினியைத் துடைத்து 11 போட்டேன். கோப்பெல்லாம் பத்திரம், எழுத்துருவை மட்டும் எடுத்து வைக்க மறந்துவிட்டேன். பாமினி யூனிகோடு இல்லையே. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் தருகிறது. அப்பா “அம்மா” என்று அடித்து வைத்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. என் முகத்தைப் பார்த்தாரே ஒரு பார்வை. எழுத்துருவைத் திரும்பப் போட்டதும் சரியாகிவிட்டது, ஆனால் அந்தப் பின்னேரம் மறக்காது. கோப்புகளையும் செயலிகளையும் வைத்துக்கொண்டு மேலேற்றும் வழியில் எழுத்துருக்கள் அப்படியே இருக்கும். என்றாலும் ஃபொன்ட்ஸ் கோப்புறையை முதலில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

பாலையூற்றுத் தம்பி

அதேதான். அக்கா, எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி விண்டோஸ் 10க்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க்கை அழிக்காமல் ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றும். அதற்கு முன் டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்து, எத்தனை துண்டு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உவர்மலை தட்டச்சு

முன்னுக்கு 100 எம்பி சின்னத் துண்டு ஒன்று. பிறகு சி. அதற்குப் பிறகு டி, இ. டியையும் இயையும் சுற்றி ஒரு பச்சைக் கோடு, வேலி அடைத்த மாதிரி.

பாலையூற்றுத் தம்பி

அந்த வேலிதான் சிக்கல். எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் என்பார்கள். எம்பிஆரில் நேரடித் துண்டு நாலுக்கு மேல் போட முடியாது, அதனால் ஒன்றை வேலியாக்கி அதற்குள் பல துண்டு போடுவார்கள். வேலி இருக்கும்வரை அந்தக் கருவி மாற்றாது, சோதனையிலேயே நின்றுவிடும். டி, இ இரண்டில் உள்ளதையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்து, திறந்து பார்த்து நிச்சயப்படுத்திய பிறகு, இரண்டு துண்டையும் நீக்கி வேலியையும் நீக்குங்கள். பிறகு அந்தக் கருவியில் முதலில் வெலிடேட் (சோதனை மட்டும்), அது சரி என்றால் மட்டும் கொன்வெர்ட் (மாற்றுவது). பிறகு சிஎஸ்எம்மை அணையுங்கள்.

பிரதி எடுக்கும்போது வெளி டிஸ்க்கை நீல நிற யூஎஸ்பி துளையில் குத்துங்கள், கறுப்பில் குத்தினால் விடியும். யூபிஎஸ் இல்லாமல் கொன்வெர்ட்டைத் தொடவே வேண்டாம், இது மாரி காலம்.

அவசரமில்லை. கல்வெட்டு முடியட்டும். விண்டோஸ் 10க்கே 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் உண்டு, அப்டேட் பக்கத்தில் பதிவதற்கான இணைப்பு வரும்.

உவர்மலை தட்டச்சு (அடுத்த புதன்)

கல்வெட்டு நேரத்துக்குப் போய்விட்டது. திங்கள் பகல் முழுக்க டியையும் இயையும் பிரதி எடுத்தேன். நீக்கும் பட்டனை அழுத்த முன் கோணேசரை ஒருக்கா நினைத்துக்கொண்டேன். வெலிடேட் சரி, கொன்வெர்ட் சரி, சிஎஸ்எம்மை அணைத்தும் விண்டோஸ் வந்தது. இரவு டேட்டா தொடங்கும் பன்னிரண்டு மணிக்கு 11ஐ இறங்க விட்டுவிட்டுப் படுத்தேன். செவ்வாய் காலை தொடங்கி மத்தியானம் ஏறி முடிந்தது. பேஜ்மேக்கர் திறக்கிறது. பாமினி பாமினியாகவே இருக்கிறது.

இனித்தான் கதை. நேற்றிரவு இடி மின்னல், எல்லா வயரையும் கழற்றி வைத்தேன். இன்று காலை போட்டால் பழையபடி விண்டோஸ் இல்லை! பயாஸில் சிஎஸ்எம் தானாகவே எனேபிள் ஆகியிருக்கிறது. நான் தொடவில்லை, சத்தியமாக.

சம்பல்தீவு வாசகர்

பயாஸில் திகதி என்ன காட்டுகிறது?

உவர்மலை தட்டச்சு

2018 ஜனவரி 1. நான் இந்தக் கணினியை வாங்கவே இல்லாத வருடம்!

சம்பல்தீவு வாசகர்

மதர்போர்டில் இருக்கும் வட்ட பற்றரி செத்துவிட்டது, சிஆர்2032. வயர் செருகியிருக்கும்வரை கரண்ட் பயாஸின் அமைப்புகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கழற்றியதும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து ஆரம்ப நிலைக்குப் போய்விட்டது. முன்பு இப்படி நடந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்த ஆரம்ப நிலைதான் உங்கள் பழைய டிஸ்க்குக்குத் தேவைப்பட்டது. புதுப் பற்றரி போட்டு, சிஎஸ்எம்மை அணைத்து, பிடிடியையும் ஒருக்கா பாருங்கள். திகதியைச் சரி செய்யாவிட்டால் பாதி இணையத்தளங்கள் சான்றிதழ் பிழை என்று திறக்காது.

உவர்மலை தட்டச்சு

சந்தைப் பக்கம் மணிக்கூடு திருத்துகிறவரிடம் வாங்கினேன். பழையதைக் கழற்றினால் ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது, உப்புக் காற்று ஒன்றையும் விடுவதில்லை. வேலை செய்கிறது, திகதியும் சரி. இரண்டு பேருக்கும் நன்றி தம்பிமார்.

கடைசியாக ஒன்று. ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து நிற்கிறதே, பழையபடி இடது மூலைக்குக் கொண்டுபோக வழி உண்டா?

கடலோரம்

கீழ்ப்பட்டையில் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், அலைன்மென்ட், லெஃப்ட். இதாவது நான் சொல்கிறேனே அக்கா.