பனிமூட்டக் காலையில் மட்டும் புள்ளி இரட்டிக்கும் விசைப்பலகை

மண்ணளப்பவள் (தலவாக்கலை):
தோட்டங்களிலிருந்து வரும் மண்ணைச் சோதிக்கும் சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். மண்ணின் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டருக்குப் (எண் குறைந்தால் அமிலம் கூட) பக்கத்திலேயே கணினி. அளவீட்டைப் பார்த்த கையோடு எண்களை அடித்துவிடுவேன், திரையைப் பார்ப்பதில்லை. பதினொரு வருடப் பழக்கம்.

ஜூன் பிறந்ததிலிருந்து எண் பகுதியின் புள்ளிப் பொத்தானுக்குப் பேய் பிடித்திருக்கிறது. யன்னலுக்கு வெளியே மலையே தெரியாத பனியில் 4.8 அடித்தால் 4..8 விழுகிறது. பதினொரு மணிக்கு வெயில் எட்டிப் பார்த்தால் ஒழுங்காகிவிடும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளை.

போன கிழமை மானமே போனது. இரண்டு புள்ளி விழுந்த கலத்தை எக்செல் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. சராசரி போடும்போது சத்தமில்லாமல் தள்ளிவிடுகிறது. பன்னிரண்டு மாதிரிகளில் ஒன்பதுக்குத்தான் கணக்கு. காலையில் முதலில் அடித்த மூன்றும் விடுபட்டன. அவை அமிலத்தைக் குறைக்க ஏற்கெனவே டொலமைட் சுண்ணாம்பு போட்ட பகுதியின் மண். 4.6 என்று போகவேண்டிய அறிக்கை 4.3 என்று போனது. தேயிலைக்கு ஏற்றது 4.5 முதல் 5.5 வரை என்பதால், இன்னும் டொலமைட் போடுங்கள் என்று பரிந்துரையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறோம்!

தினமும் 70 வீத அற்ககோலால் துடைக்கிறேன். பயனில்லை. கழுவக்கூடிய சிலிக்கோன் விசைப்பலகை வாங்கச் சொல்கிறார்கள். ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், ரொட்டி மாவை அமுக்குவதுபோல் இருந்தது. வேறு வழி உண்டா?

பழைய பிப்பெட் (பண்டாரவளை):
தங்கச்சி, மீட்டரின் மின்வாயை, அதாவது கரைசலில் முக்கும் கோலை, போத்தலிலிருந்து எடுத்து மண் கரைசலுக்குக் கொண்டுபோகும் வழியில் விசைப்பலகை இருக்கிறதா? அப்படியானால் பேய் அதுதான். மின்வாயை ஊறவைப்பது 3 மோலர் பொட்டாசியம் குளோரைட்டில். சொட்டு விழுந்து காய்ந்தால் உப்பு. காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தொட்டால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தானே நீராகும், மின்னைக் கடத்தும். பொத்தானுக்கு அடியில் இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், அவற்றில் மின்தடங்கள். உப்புநீர் அங்கே போனால் நீங்கள் தொடாமலே தொட்டதாகக் கணக்கு. வெயில் வந்ததும் காய்ந்துவிடும். பழுது பார்ப்பவரின் கடையில் பனி ஏது?

அற்ககோலில் இந்த உப்பு சரியாகக் கரையாது. பொத்தான்களைக் கழற்றி, தாள்களைப் பிரித்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். குழாய் நீர் வேண்டாம்.

ஈரக்கை (பேராதனை):
ஐயா சொல்வது சரி. ஆனால் காயவைக்கும்போது அவசரப்படாதீர்கள் அக்கா. நான் மண் உலர்த்தும் அடுப்பில் வைத்தேன். அதில் 105 பாகை என்பது நினைவிலேயே இல்லை. மறுநாள் விசைப்பலகை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாள் வையுங்கள்.

கோடும் கட்டமும் (ஹட்டன்):
கழுவினாலும் அடுத்த ஜூனில் வேறொரு பொத்தான் கிளம்பும். எக்செலில் தரவுச் சரிபார்ப்பை எடுத்து, அந்த நிரலில் 3க்கும் 9க்கும் இடைப்பட்ட தசம எண் மட்டும் என்று வையுங்கள். 4..8 அடித்தால் அங்கேயே மறிக்கும். ஏற்கெனவே இருக்கும் கோப்புகளில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் எண்களைத் தேடுங்கள். நீங்கள் ஒழுங்கை மாற்றாதிருந்தால் எண் வலப்பக்கம் நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும்.

மண்ணளப்பவள்:
பிரித்துப் பார்த்தேன். புள்ளிக்கும் பூச்சியத்துக்கும் அடியில் மாப்பொடி தூவியதுபோல் வெள்ளை. ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். மீட்டரை மேசையின் மறுகோடிக்கு மாற்றிவிட்டேன். பழைய கோப்புகளில் இடப்பக்கம் நின்றவை இன்னும் ஏழு. அந்தத் தோட்டங்களுக்கு நாளை நானே பேசவேண்டும். கழுவியதில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர்களும் பாதி கழன்றுபோயின. தோட்டப் பெயர் அடிக்கும்போது ‘ற’ எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.