2 கிலோ டம்பெல்லைத் தாண்ட விடமாட்டேங்கறாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

அம்பத்தூர்வாசி:
வயசு 34, உயரம் 152 செ.மீ., எடை 58 கிலோ. சைவம், முட்டை சாப்பிடுவேன். பக்கத்து ஜிம்ல 11லேருந்து 1 மணி வரை லேடீஸ் பேட்ச். டிரெட்மில் அரை மணி நேரம், அப்புறம் 2 கிலோ டம்பெல்ல இருபது இருபதா நாலு செட், அவ்ளோதான். வெயிட் ஏத்துங்கன்னு கேட்டா, "ஆம்பள மாதிரி ஆயிடுவீங்க மேடம்"னு மாஸ்டர் சிரிக்கிறார். ராடுல ரெண்டு பக்கமும் 5 கிலோ பிளேட் மாட்டி டெட்லிஃப்ட் (தரையில கிடக்கற ராடைத் தூக்கி நிமிர்றது) பண்ணினா கீழ்முதுகு பிடிச்சுக்குது. பெஞ்ச்ல படுத்தா கால் தரையில முழுசா பதியல. லேட் புல்டவுன்ல (தலைக்கு மேல இருக்கற கம்பியை உக்காந்து கீழ இழுக்கற மெஷின்) உடம்பே மேல தூக்குது. என் உடம்பு இதுக்கு லாயக்கில்லையா? எதுலேருந்து, எவ்ளோ வெயிட்ல ஆரம்பிக்கணும்?

ராடு_பிளேட்:
உடம்பு சரியாத்தான் இருக்கு, சாமான்தான் உங்க அளவுக்கு இல்ல.

டெட்லிஃப்ட்டை முதல்ல பாப்போம். ராடு எவ்ளோ உயரத்துல நிக்கும்ங்கறது பிளேட்டோட விட்டத்தைப் பொறுத்தது. போட்டிக்கான பெரிய பிளேட் 45 செ.மீ. விட்டம். அதை மாட்டினா ராடு தரையிலேருந்து 22.5 செ.மீ. உயரத்துல, கிட்டத்தட்ட உங்க நடுக்கெண்டைக்கு நேரா நிக்கும். ஏரியா ஜிம்ல இருக்கற 5 கிலோ இரும்பு பிளேட் சாப்பாட்டுத் தட்டு அளவுதான். ராடு கணுக்கால்கிட்ட கிடக்கும். அவ்ளோ கீழ குனிஞ்சா முக்கால்வாசிப் பேருக்கு முதுகு வளையும், பாரம் கீழ்முதுகுல ஏறும். ரெண்டு பக்கமும் 20 கிலோ பிளேட்டை ரெண்டு ரெண்டா படுக்க வச்சு, அதுமேல உங்க பிளேட் உக்கார்ற மாதிரி ராடை வைங்க. ஏரோபிக்ஸ் ஸ்டெப்பர் (ஏறி இறங்கற பலகை) ஜோடி இருந்தா இன்னும் சுலபம்.

அடுத்தது ராடோட எடை. ஒலிம்பிக் ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. பெண்கள் ராடு 25 மி.மீ. கனம்தான், சின்னக் கைக்கு நல்லா பிடிபடும். சின்ன ஜிம்கள்ல பெரும்பாலும் ரெண்டுமே இருக்காது. கிடக்கற ராடு 7 கிலோவாவும் இருக்கும், 12 கிலோவாவும் இருக்கும். எடை பாக்கற மெஷின்ல ராடோட ஒரு தடவை, ராடு இல்லாம ஒரு தடவை நின்னு கழிச்சுப் பாருங்க. அதைச் சேர்த்துத்தான் நோட்டுல எழுதணும்.

ஆம்பள மாதிரி ஆகற பேச்சுக்கு ஒரே பதில்: டோக்கியோ ஒலிம்பிக்ல நம்ம பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு கிளீன் அண்ட் ஜெர்க்ல (முதல்ல தோளுக்கு, அப்புறம் தலைக்கு மேல தூக்கறது) 115 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினது 49 கிலோ பிரிவுல. பெண்கள் உடம்புல டெஸ்டோஸ்டிரோன் ஆண்கள்ல இருக்கறதுல பத்துல ஒரு பங்குக்கும் கம்மி. பலம் நல்லா ஏறும், ஆனா அந்த உருவம் தானா வந்துடாது.

பிசியோ_பெரம்பூர்:
முதுகு பிடிப்பு ரெண்டு நாளில் போய்விட்டால் கவலையில்லை. வலி தொடை தாண்டிக் காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ ஜிம்மை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

ஆரம்பிக்க வாரம் 3 நாள் போதும், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு. கோப்லெட் ஸ்குவாட்: டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து உட்கார்ந்து எழுவது, 8 கிலோ. ருமேனியன் டெட்லிஃப்ட் (செய்முறை கீழே): கைக்கு 7.5 கிலோ. டம்பெல் பெஞ்ச் பிரஸ்: கைக்கு 4 அல்லது 5. லேட் புல்டவுன், சீட்டட் ரோ (உட்கார்ந்து வயிற்றை நோக்கி இழுப்பது) இரண்டுக்கும் 15 கிலோ அளவில் பின்னைச் செருகிப் பாருங்கள். அந்த எண் மெஷினுக்கு மெஷின் மாறும், மற்றவருடையதோடு ஒப்பிடாதீர்கள். எல்லாமே 3 செட், 8 முதல் 12 முறை. செட் முடியும்போது இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் வைக்க வேண்டும். இன்னும் பத்து முறை முடியும் என்றால் அது வெயிட் அல்ல, வார்ம்-அப். உங்கள் 2 கிலோ கதை அதுதான்.

ருமேனியனில் பலர் தவறுவது, ஸ்குவாட் போல உட்கார்ந்துவிடுவது. முழங்காலை லேசாக மடித்து அப்படியே பூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவது போல இடுப்பு பின்னே போகட்டும், டம்பெல் தொடையை உரசியபடியே இறங்கட்டும். பின்தொடை இழுக்கும் இடத்தில் நிறுத்துங்கள், பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. தரையைத் தொட வேண்டியதில்லை.

மூன்று செட்டிலும் 12 முறை வந்தால் எடை ஏற்றலாம். டம்பெல்லில் 5க்கு அடுத்தது 7.5 என்றால் ஒரே தாவலில் 50 சதவீதம் கூடுகிறது. மேல்கை பயிற்சிகளில் பெண்கள் தேங்கிப்போவது பெரும்பாலும் இதனால்தான். 15 முறை வரை ஏற்றிவிட்டுத் தாவுங்கள், அல்லது அரை கிலோ மணிக்கட்டுப் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பெஞ்சில் கால் பதியவில்லை என்றால் பாதத்துக்கு ஒன்றாக 10 கிலோ ரப்பர் பிளேட் போடுங்கள். புல்டவுனில் தொடைப் பட்டை கடைசித் துளைக்கு இறங்கியும் இடைவெளி இருக்கிறதா? அங்கேயும் காலடியில் பிளேட்தான், தொடை உயர்ந்து பட்டையில் முட்டும். கால் ஊன்றாமல் தள்ளினால் பாதி பலம் வீண்.

மாதவிடாய் நாட்களில் நிறுத்த வேண்டிய அவசியமில்லை, முடியாவிட்டால் எடையைக் குறைத்துக்கொள்ளலாம். தூக்கும்போது சிறுநீர் கசிந்தாலோ, சிசேரியனுக்குப் பிறகு நடுவயிறு கூம்பாகப் புடைத்தாலோ, பெண்கள் நலப் பிசியோவிடம் ஒருமுறை காட்டிவிட்டு எடை ஏற்றுங்கள்.

சுண்டல்_செட்:
சாப்பாட்டைச் சொல்லாம விட்டா எப்படி? தசை வளரணும்னா ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் புரதம்னு வைங்க. உங்களுக்கு 93 கிராம் வரும். காலையில நாலு இட்லி சாப்பிட்டா 8 கிராம்தான் சேரும். 2 முட்டை 12, சோயா உருண்டை 50 கிராம் (வேகவைக்கறதுக்கு முன்னாடி எடை) 26, பன்னீர் 100 கிராம் 18, பருப்பு 50 கிராம் 11, கொண்டைக்கடலை 50 கிராம் 10, தயிர் 200 கிராம் 7. மொத்தம் 84. மிச்சம் சோறு, இட்லியிலேயே வந்துடும். சத்துமாவுக் கஞ்சியை புரதம்னு நம்பாதீங்க, அதுல பெரும்பங்கு மாவுச்சத்து.

படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னா ஹீமோகுளோபின் பாத்துடுங்க, 12க்குக் கீழ இருந்தா ரத்தசோகை. சாப்பிட்ட கையோட காபி குடிச்சா சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்து சரியா சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

முதல் சில வாரம் எடை ஒரு கிலோ கூடலாம். தசையில நீர் சேர்றதுதான் அது. இன்ச் டேப்பால இடுப்பை அளந்து பாருங்க.

அம்பத்தூர்வாசி:
எல்லாருக்கும் நன்றி. கோப்லெட் ஸ்குவாட்ல குதிகால் தூக்குது, என்ன பண்ண? ராடு தடத்துல மாட்டியிருக்கற ஸ்மித் மெஷின்லதான் ஸ்குவாட் பண்ணணும்ங்கறார் மாஸ்டர், அதுதான் சேஃப்பா? தாலிச் செயினோட பண்ணலாமா?

ராடு_பிளேட்:
குதிகாலுக்கு அடியில 2.5 கிலோ பிளேட் ஒண்ணொண்ணு போடுங்க, உடனே வித்தியாசம் தெரியும். மெத்துனு இருக்கற ரன்னிங் ஷூ வேண்டாம், தட்டையான கேன்வாஸ் ஷூ போதும்.

தாலிச் செயினை டி-ஷர்ட்டுக்குள்ள போட்டு, டம்பெல் அழுத்தற இடத்துலேருந்து ஒதுக்கி விடுங்க. வளையல், மோதிரம் கழட்டிடணும், ராடுக்கும் மோதிரத்துக்கும் நடுவுல தோல் மாட்டினா கிழியும். துப்பட்டா லாக்கர்ல இருக்கட்டும். தலைக்கு கிளிப் வேண்டாம், பெஞ்ச்ல குத்தும், உச்சிக்கொண்டை போடுங்க. மே மாசப் புழுக்கத்துல கை வழுக்கும். சாக் பவுடர் கூடாதுன்னு ஜிம்ல சொன்னா லிக்விட் சாக் கேட்டுப் பாருங்க, தரையில சிந்தாது.

ஸ்மித் மெஷினை நான் தப்புன்னு சொல்லமாட்டேன். ராடு ஒரே கோட்டுல ஏறி இறங்கும், உங்க உடம்பு அந்தக் கோட்டுல போகாது, அதான் சிக்கல்.

பிசியோ_பெரம்பூர்:
இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்கு (ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து இறங்குவது) ஸ்மித் நன்றாகவே உதவும், தடுமாறாமல் காலில் மட்டும் கவனம் வைக்கலாம். "சேஃப்" என்பதைத்தான் ஏற்கமாட்டேன். கீழே ராடைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பர் வைக்காமல் செய்தால் அதிலும் மாட்டிக்கொள்ளலாம். சாதா ராக்கில் (ராடைத் தாங்கும் ஸ்டாண்டு) செய்தாலும் அதே விதி. வெறும் ராடோடு முழுசாக இறங்கிப் பாருங்கள், ராடு நிற்கும் இடத்துக்கு ஒரு துளை கீழே சேஃப்டி பின்னைச் செருகுங்கள். பின் இல்லாத ராக் என்றால் கோப்லெட்டிலேயே இருங்கள், 16 கிலோ வரை அதிலேயே தாராளமாகப் போகலாம்.