மறு: டிகிரீசருக்குத் தமிழில் என்ன: மசகு நீக்கியா, பிசுக்கெடுப்பானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எண்ணெய் அழுக்கை எடுக்கும் திரவத்தைக் குறிக்கும் டிகிரீசர் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம் குழுவில் இதுவரை மசகு நீக்கி, எண்ணெய்க் கரைப்பான், கொழுப்பகற்றி ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றாவதை முன்மொழிந்தவரே நேற்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். உடல் இளைக்க விற்கும் மாத்திரையின் பெயர்போல் ஒலிக்கிறது என்று அவர் எழுதியிருந்தது முற்றிலும் சரி. மீதமுள்ள இரண்டைப் பற்றியும், அவற்றுக்கு மாற்றாக எனக்குத் தோன்றும் சொல்லைப் பற்றியும் சற்று விரிவாக எழுதுகிறேன். எஞ்சினைத் துப்புரவு செய்யும் திரவம் ஒன்றின் புட்டியில் ஒட்ட வேண்டிய சிட்டையை மொழிபெயர்க்கும் பணி என்னிடம் வந்ததால்தான் இந்தப் பேச்சையே தொடங்கினேன் என்பது உங்களுக்குத் தெரியும். சிட்டையில் முதலில் 'மசகு நீக்கி' என்றுதான் எழுதியிருந்தேன். அச்சுக்கு அனுப்புமுன், 2002ஆம் ஆண்டில் வாங்கிய என் டீசல் காரை இன்றுவரை ஓட வைத்துக்கொண்டிருக்கும் மெக்கானிக்கிடம் தாளைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "மசகை எதுக்கு சார் எடுக்கணும்? மசகு போச்சுன்னா பேரிங் கத்த ஆரம்பிச்சிடுமே!" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. கிரீஸ் என்னும் ஆங்கிலச் சொல், உராய்வைக் குறைக்க நாமே விரும்பி இடும் பொருளையும், நாம் விரும்பாமல் படிந்துவிட்ட எண்ணெய் அழுக்கையும் ஒருசேரக் குறிக்கிறது. தமிழில் இவ்விரண்டும் ஒன்றல்ல. மாட்டுவண்டி பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் வைக்கோலைக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டியின் அடியில் தொங்கும் மூங்கில் குழாயில் வைத்திருப்பார்கள். கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சிறிது வெளியே இழுத்து, அந்தக் குழைவை அச்சில் தடவுவார்கள். அது மசகு, வண்டி மை என்றும் சொல்வதுண்டு. நான்கு நாள் ஓட்டத்துக்குப் பிறகு அது சக்கரக் குடத்தின் விளிம்பில் பிதுங்கி, சாலைப் புழுதியைக் குடித்து, ஏறி இறங்குபவர் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும். அதை யாரும் மசகு என்று சொன்னதில்லை. அது பிசுக்கு. பொருள் ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும், உள்ளே இருக்கும்வரை ஒரு பெயர், வெளியே வந்து அழுக்கோடு சேர்ந்த பின் வேறு பெயர். ஆங்கிலத்தில் இல்லாத இந்தப் பாகுபாடு நம்மிடம் இருக்கும்போது, கலைச்சொல் ஆக்குகிறோம் என்ற பெயரில் நாமே அதை அழிக்கக் கூடாது.

பழைய டீசல் காரின் பானெட்டைத் திறந்தால் தெரிவது பெரும்பாலும் இந்தப் பிசுக்குதான். அது எப்படி உண்டாகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சொல்லின் பொருத்தம் அதில்தான் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் காற்று ஏறத்தாழ 9 அல்லது 10 மடங்கு அமுக்கப்படுகிறது. டீசலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்காமல் ஒரு சிறு முன்னறைக்குள் தெளிக்கும் பழைய மறைமுகத் தெளிப்பு டீசல் எஞ்சினிலோ அது 20 மடங்கைத் தாண்டும். இந்த அழுத்தத்தில், தேய்ந்த பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியே புகை கீழே இறங்கி, அங்குள்ள எண்ணெயைத் துளித் தூவலாக வாரிக்கொண்டு, பிரீதர் குழாய் வழியே வெளியேறுகிறது. அந்தக் குழாயின் இணைப்பு எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே கசிவு தொடங்கும். டேப்பட் கவர் பேக்கிங் கடினப்பட்டு வெடித்திருந்தால் அங்கிருந்தும் எண்ணெய் வழியும். இவற்றோடு, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, மீந்த டீசலைத் திருப்பி அனுப்பும் மெல்லிய ரிட்டர்ன் ஓஸ்களும் ஆண்டுகள் செல்லச் செல்ல வெடித்து டீசலைக் கசியவிடும். பெட்ரோல் கசிந்தால் வாசனை வரும், சிறிது நேரத்தில் அந்த இடமே காய்ந்துவிடும். டீசலோ ஏறத்தாழ 180 முதல் 360 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில்தான் கொதித்து ஆவியாகும். ஆகவே அது ஈரமாகவே கிடந்து, முன்கிரில் வழியே வரும் ஒவ்வொரு துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். என் காரில் டீசல் பம்புக்குக் கீழே விரல் வைத்துச் சுரண்டியபோது, நகக்கண்ணில் வந்தது எண்ணெயும் அல்ல, மண்ணும் அல்ல. பழைய வெல்லப்பாகு போன்ற கரிய குழைவு. அதற்குள் ஒரு வேப்பங்கொட்டையும் இருந்தது.

இனி 'எண்ணெய்க் கரைப்பான்' என்னும் பரிந்துரைக்கு வருகிறேன். கரைப்பான் என்பது பாடநூல்களில் நிலைபெற்ற சொல் என்பதை மறுக்கவில்லை. நிலைபெற்றது என்பதாலேயே அதை இங்கே நீட்டுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. பட்டறைகளில் மண்ணெண்ணெயையோ டீசலையோ பெயின்ட் பிரஷ்ஷில் தோய்த்துத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைப்பார்களே, அங்கே நடப்பது உண்மையில் கரைத்தல்தான். ஆனால் வெறும் மண்ணெண்ணெயால் கழுவிய எஞ்சினின் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்றுவிடுகிறது. ஒரு மாதத்தில் புழுதி அதன்மேல் மீண்டும் குடியேறும். புட்டியில் விற்கும் திரவங்கள் பல வேறு விதமாக வேலை செய்கின்றன. சிலவற்றில் மண்ணெண்ணெய் போன்ற ஒரு கரைப்பானோடு எண்ணெயை நீரோடு கலக்கச் செய்யும் பால்மமாக்கி சேர்ந்திருக்கும்; அதைப் பூசிப் பத்து நிமிடம் ஊறவிட்டு நீரை ஊற்றியதும், கரிய பிசுக்கு சட்டென்று சாம்பல் கலந்த பால்போல் வெளுத்து ஓடுவதைப் பார்க்கலாம். வேறு சிலவற்றில் கரைப்பானே பெயரளவுக்குத்தான் இருக்கும், காரமும் சோப்பு வகையும்தான் வேலை செய்யும். இவற்றில் எண்ணெய் நீரில் கரைவதில்லை. நுண்துளிகளாக உடைந்து நீரில் மிதந்து வெளியேறுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையில் சீயக்காய் செய்வதும் இதையே. சீயக்காயில் உள்ள, சோப்புபோல் நுரைக்கும் சப்போனின் எண்ணெயைக் கரைப்பதில்லை, அதைப் பற்றிக்கொண்டு நீரோடு போகச் செய்கிறது. சீயக்காயைத் தலைக்கான கரைப்பான் என்று யாரும் அழைக்க மாட்டோம். எனவே, எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லும் சொல்லைவிட, என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் சொல்லே இங்கே தேவை.

என் முன்மொழிவு பிசுக்கெடுப்பு, பிசுக்கெடுப்பான் என்பன. முன்னது செயலுக்கு, பின்னது பொருளுக்கு. பிசுக்குநீக்கம் என்றே சொல்லலாமே என்று கேட்கலாம், தவறில்லை. ஆனால் நீக்கம், அகற்றல் என்பவை ஏட்டில் மட்டுமே வழங்கும் சொற்கள், வேலை செய்பவர் வாயில் அவை வருவதில்லை. தலையில் சிக்கெடுக்கிறோம், வயலில் களையெடுக்கிறோம், சீயக்காய் போட்டு எண்ணெய் எடுக்கிறோம். 'எடு' என்னும் வினை இத்தகைய வேலைகளுக்கு ஏற்கெனவே பழகியது. கணக்கு என்பதோடு எடுப்பு சேர்ந்து கணக்கெடுப்பு ஆனதுபோலவே பிசுக்கு என்பதோடு சேர்ந்து பிசுக்கெடுப்பு ஆகிறது. ஓசையும் புணர்ச்சியும் ஒன்றுபோலவே இருப்பதால், முதன்முறை படிப்பவரும் நாக்கு தடுக்காமல் சொல்லிவிடுவார். இன்னொரு நன்மையும் உண்டு. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையில் படிவதும் பிசுக்குத்தான், மிதிவண்டிச் சங்கிலியில் படிவதும் பிசுக்குத்தான். ஒரே சொல் மூன்று இடத்துக்கும் செல்லும்.

'-ஆன்' ஈற்றின் மீது ஓர் எதிர்ப்பு வரும் என்று எனக்குத் தெரியும். முன்பு வேறொரு சொல்லுக்காக இங்கே நீண்ட சண்டையே நடந்தது. பிசுக்கெடுப்பான் என்றால் 'அவன் பிசுக்கெடுப்பான்' என்ற வினைமுற்றாகவும் படலாம் என்பது உண்மை. ஆனால் கரைப்பான் என்பதற்கும் அதே இடர் உண்டு; வேதியியல் வகுப்பில் எந்த மாணவரும் 'யார் கரைப்பான்?' என்று கேட்டதாக நான் அறியேன். இதற்கு மேலும் மனம் ஒப்பாதவர்கள் பிசுக்கெடுப்பி என்று எழுதட்டும், எனக்கு மறுப்பில்லை.

மசகு என்பதைத் தவிர்க்க எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மசகு எண்ணெய் என்றால் எஞ்சினுக்கு ஊற்றும் உயவு எண்ணெய். இலங்கைத் தமிழ்ச் செய்திகளிலோ, மசகு எண்ணெய் என்பது நிலத்தடியிலிருந்து எடுக்கும் எண்ணெய், அதாவது இங்கே நாம் கச்சா எண்ணெய் என்பது. உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை ஏறியது என்று கொழும்புச் செய்தியில் படித்துவிட்டு, ஆயில் மாற்றும் செலவு கூடப்போகிறது என்று கவலைப்பட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இரு கரையிலும் வேறு வேறு பொருள் தரும் சொல்லின் மேல் புதிய கலைச்சொல்லைக் கட்டினால், சிட்டையைப் படிக்கும் யாழ்ப்பாணத்து வாசகர் எதை நீக்கச் சொல்கிறார்கள் என்று குழம்புவார்.

பிசுக்கு என்பதோடு பற்று என்பதையும் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகே எண்ணெய் வெந்து இறுகி, கரிய ஓடாகவே ஆகிவிடுகிறது. விரலில் ஒட்டாது, நகத்தால் பெயராது. சோற்றுப் பாத்திரத்தில் காய்ந்ததைப் பற்று என்கிறோமே, அதே நிலை. பிசுக்குக்குத் திரவமும் பிரஷ்ஷும் போதும், பற்றுக்குச் சுரண்டியும் பொறுமையும் வேண்டும் என்று சிட்டையில் இரண்டு சொல்லில் வேறுபடுத்திவிடலாம்.

எஞ்சின் அமர்ந்திருக்கும் இடத்துக்குப் 'பொறிமாடம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சுவரில் எண்ணெயும் கரியும் படிந்த விளக்குமாடத்தை நினைவூட்டியதால் அச்சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் சிட்டையில் எஞ்சின் பகுதி என்றுதான் எழுதப்போகிறேன். ஒரே தாளில் இரண்டு புதுச்சொல் வேண்டாம்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பது இங்கே நாம் ஏற்றுக்கொண்ட முறை ஆதலால், சிட்டையின் வரைவைக் கீழே தருகிறேன்.

"எஞ்சின் நன்றாக ஆறிய பின்பே பிசுக்கெடுப்பைத் தொடங்கவும். பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று வடிப்பானின் வாய் ஆகியவற்றை நெகிழித் தாளால் மூடிக் கட்டவும். பிசுக்கெடுப்பானைக் கீழிருந்து மேலாகப் பூசி, பத்து நிமிடம் ஊறவிடவும், காயவிட வேண்டாம். பிரஷ்ஷால் தேய்த்த பின், அழுத்தம் குறைந்த நீரால் மேலிருந்து கீழாகக் கழுவவும். பேரிங், டைமிங் பெல்ட், ரப்பர் மவுன்டிங் ஆகியவற்றின் மீது பிசுக்கெடுப்பான் படக் கூடாது. அது மசகையும் எடுத்துவிடும்."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். மசகு நீக்கி என்று பெயர் வைத்திருந்தால், 'மசகு நீக்கி மசகை நீக்கிவிடும், எச்சரிக்கை' என்று எழுத வேண்டியிருந்திருக்கும். திரவத்துக்கு மசகும் பிசுக்கும் ஒன்றுதான், இரண்டையும் அது ஒன்றுபோலவே எடுக்கும். பயன்படுத்துபவருக்குத்தான் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சின் ஆற வேண்டும் என்பதைச் சிட்டையில் முதலில் வைத்ததற்குக் காரணம் தீ மட்டும் அன்று. மண்ணெண்ணெயின் ஆவி 40 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே பற்றக்கூடியது என்பதைப் பலரும் அறிவர். டீசல் பம்பின் உள்ளே அசையும் பாகங்களுக்கு இடையில் உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில்தான் இருக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாத செய்தி. சூடான பம்பின் மேல் குளிர்ந்த நீர் விழுந்தால் வெளிக்கூடு முதலில் சுருங்கி, உள்பாகத்தை இறுக்கிப் பிடித்துவிடக்கூடும். காற்று வடிப்பானின் வாயை மூடச் சொல்வதும் அதுபோலவே. டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை, நனைந்தாலும் கவலையில்லை என்று சிலர் துணிந்து நீரைப் பாய்ச்சுகிறார்கள். நீரை அமுக்க முடியாது. 20 மடங்கு அமுக்கும் எஞ்சினின் சிலிண்டருக்குள் ஒரு சிறு குவளை நீர் போனாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாட்டர் சர்வீஸில் என் காரை விட்டபோது எஞ்சின் மேல் நீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தார்கள். நல்ல வேளையாக நனைந்தது ஸ்டார்ட்டர் ரிலே மட்டுந்தான், ஒரு பகல் வெயிலில் நிறுத்திய பின் வண்டி கிளம்பியது. அன்று முதல் இந்த வேலையை வீட்டு வாசலில் நானே செய்துகொள்கிறேன். கழுவிய நீரை மட்டும் செடிகளின் பக்கம் விடாமல், ஒரு தட்டில் பிடித்து, மேலே மிதக்கும் எண்ணெயைத் தனியே எடுத்துவிடுகிறேன்.

திருத்திய தாளை மெக்கானிக்கிடம் மீண்டும் கொடுத்தேன். இம்முறை சொல்லைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. "பத்து நிமிஷம் போதாது சார், டீசல் பம்பு பக்கம் இருபது நிமிஷமாவது ஊறணும்," என்றார். அதையும் வரைவில் திருத்தப் போகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் சிட்டை அச்சுக்குப் போக வேண்டும். பிசுக்கு என்னும் சொல் ஈழத்து வழக்கில் இதே பொருளில் புழங்குகிறதா, அல்லது அங்கே வேறு சொல் உண்டா என்பதை அங்குள்ள உறுப்பினர்கள் அதற்குள் தெரிவித்தால் நன்றி உடையவனாவேன்.

அன்புடன்.