ரெண்டு ஆமை, ஒரே தொட்டி: சேர்க்கலாமா, பிரிக்கலாமா?

புக்கிட் பாத்தோக் வாசி:
ரெண்டு ஆமையை ஒரே தொட்டியில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். மற்ற நாடுகளில் பாம்பு வளர்ப்பவர்களும் இதையே கேட்பார்கள்; பாம்பைப் பற்றி அந்தக் கேள்வியே சிங்கப்பூரில் எழாது. பாம்பு வளர்க்க இங்கே அனுமதி இல்லை. ஊர்வனவற்றில் சிவப்புக்காது ஆமைக்கும் மலாயாப் பெட்டி ஆமைக்கும் மட்டும்தான் அனுமதி. அந்த ஆமைகளுக்கும் பாம்பு வளர்ப்பவர்கள் சொல்லும் பதில்தான்: தனித்தனி.

ஜோடியாக விற்கும் சிவப்புக்காதுக் குஞ்சுகளில் ஆண் எது, பெண் எது என்று கடைக்காரருக்கே தெரியாது. ஓடு 10 செ.மீ. அளவுக்கு வளர்ந்த பிறகுதான் ஆணின் முன்னங்கால் நகம் நீளும், வால் தடிக்கும். கடியும் அப்போது அதிகமாகும். அதுவரை ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளக்கடியில் காய்வதைப் பாசம் என்று படம் எடுத்துப் போடுவோம். பாதி நேரம் அது இடம் பிடிக்கும் போட்டி.

ரெண்டும் ஆண் என்றால் வாலிலும் கழுத்திலும் காயம் விழும். ஆணும் பெண்ணும் என்றால் தொல்லை வேறு மாதிரி: ஆண் விடாமல் துரத்தி, முகத்துக்கு எதிரே நகத்தைப் படபடவென்று ஆட்டி, கழுத்தைக் கவ்வும். பெண் ஆமை வெயில் காயும் மேடையைவிட்டு இறங்காமல் சாப்பாட்டை நிறுத்தினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செங்காங் அக்கா:
தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்குங்க. பிரித்த பிறகும் பெண் கருவுற்ற முட்டை இடும், விந்தைச் சேமித்து வைக்கும் உடம்பு அது. ஆணையே பார்க்காத பெண்ணும் முட்டை இடும். 30 செ.மீ. ஆழத்துக்கு ஈர மணல் வைத்த பெட்டி இல்லையென்றால் முட்டை உள்ளேயே தங்கிவிடலாம், பிறகு விலங்கு மருத்துவர்தான்.

ஜூரோங் வெஸ்ட்:
கணக்கைப் பாருங்க அண்ணே. ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு 2.5 செ.மீ.க்கும் 40 லிட்டர் தண்ணீர். 20 செ.மீ. ஆணுக்கு 320, 28 செ.மீ. பெண்ணுக்கு ஏறக்குறைய 450. தண்ணீர் மட்டுமே முக்கால் டன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் ஒரே மூலையில் அதை வைக்க எனக்கு மனசு வராது. ஒரு ஆமைக்கு ஒரு தொட்டி, இரண்டு இடத்தில்.

நம்ம குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் கலக்கும் குளோரமின் இருக்கு. ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தாலும் போகாது. புதுத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அதையும் நீக்கும் ஆன்டி-குளோரின் போடணும், இல்லையென்றால் ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியா செத்து, தண்ணீர் கலங்கி நாறும்.

புக்கிட் பாத்தோக் வாசி:
இடமே இல்லை, நடுவே தடுப்புதான் என்றால் மறுபக்கம் தெரியாத அக்ரிலிக் தட்டு போடுங்கள். எதிராளி தெரிந்தால் முட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மட்டத்துக்கு மேல் 20 செ.மீ. உயரம் வேண்டும், இவை நன்றாக ஏறும். மேடையும் யுவிபி (புற ஊதாக் கதிர்) குழல் விளக்கும் ஆளுக்கு ஒன்று; கண்ணாடி மூடிக்கு மேல் விளக்கை வைத்தால் யுவிபி உள்ளே வராது. தடுப்பு நோயைத் தடுக்காது, தண்ணீர் ஒன்றுதானே. புதிதாக வரும் ஆமையைத் தனி டப்பில், தனி வலை, தனி வாளியோடு மூன்று மாதம் வையுங்கள்.

செங்காங் அக்கா:
பெட்டி ஆமையைச் சிவப்புக்காதோடு போடவே கூடாது. அதற்கு ஆழமில்லாத தண்ணீரும் தரையும் வேணும், சாப்பாட்டுக்கு முந்துவதிலும் தோற்றுப்போகும். கூடுதலாகிவிட்டது என்று நீர்த்தேக்கத்தில் விடுவது குற்றம். கையில் இருப்பதை வளர்க்க முடியவில்லையென்றால் வேறு ஆளுக்குத் தத்துக் கொடுங்க.