எக்ஸ் பவர் 100ஐ (எக்ஸ் – 1) ஸ்கொயரால வகுத்தா வர்ற மீதி, டிஃபரன்ஷியேஷன் இல்லாம சொல்லித்தர வழி இருக்கா?

வணக்கம் நண்பர்களே, கணக்கு வாத்தியாருங்க யாராவது இருந்தா கொஞ்சம் உதவி பண்ணுங்க. அண்ணன் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, மீதித் தேற்றம் அவளுக்கு நல்லாவே புரியுது, எக்ஸ் மைனஸ் 1ஆல வகுத்தா எக்ஸுக்கு 1 போட்டா போதும், மீதி கிடைச்சிடும்னு டக்குனு சொல்லிடுவா.

எக்ஸ் பவர் 100ஐ (எக்ஸ் – 1)(எக்ஸ் – 2)ஆல வகுக்கிறதும் ஓகே, வகுக்கிறது இருபடி அதனால மீதி ஏ எக்ஸ் + பி மாதிரிதான் வரும், 1 போட்டா ஏ + பி = 1, 2 போட்டா 2ஏ + பி = 2 பவர் 100, ரெண்டையும் தீர்த்தா முடிஞ்சுது.

ஆனா கீழ (எக்ஸ் – 1) ஸ்கொயர் இருந்தா? 1 போட்டா ஏ + பி = 1 மட்டும்தான் கிடைக்குது, ரெண்டாவது சமன்பாட்டுக்கு எங்க போறது? டிஃபரன்ஷியேட் பண்ணா ஏ = 100, அதாவது மீதி 100 எக்ஸ் – 99னு எனக்குத் தெரியும், அவ இன்னும் அதெல்லாம் படிக்கலையே. நீள் வகுத்தல்ல எக்ஸ் ஸ்கொயருக்கு 2 எக்ஸ் – 1, க்யூபுக்கு 3 எக்ஸ் – 2, நாலுக்கு 4 எக்ஸ் – 3னு வருது, பேட்டர்ன் அவளே கண்டுபிடிச்சிட்டா, ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. "ஆனா ஏன் சித்தப்பா அப்படி வருது?"ன்னு கேக்குறா, நியாயமான கேள்விதானே, மனப்பாடம் பண்ணுன்னு சொல்ல மனசு வரல.

காரணிப்படுத்துதல் மட்டும் வச்சு இதை விளக்க முடியுமா? அப்புறம் எக்ஸ் ஸ்கொயர் + 1ஆல வகுக்கும்போது எக்ஸ் ஸ்கொயருக்குப் பதிலா –1 போடறோமே, கலப்பெண் பேச்சே எடுக்காம அதுக்கும் காரணம் சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. படிப்படியா எழுதிப் போட்டீங்கன்னா அப்படியே அவகிட்ட காட்டுவேன்.