மறு: மஸில் காரில் மின்சார எரிபொருள் பம்பு: எக்கியா, உந்தியா, தள்ளுபம்பா?

வணக்கம் நண்பர்களே,

> 1969 செவ்ரோலே கமாரோ என்ற மஸில் காரில் (பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்க வேகக் கார்) எஞ்சினோடு வந்த எரிபொருள் பம்பைக் கழற்றிவிட்டு, பின்னால் டேங்க் அருகே மின்சாரப் பம்பு பொருத்துவதைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பம்புக்கும் "எரிபொருள் எக்கி" என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. எக்கி நல்ல சொல்தான், எனக்கு அதன் மேல் கோபமில்லை. ஆனால் "வயிற்றை எக்கு" என்றால் உள்ளே இழுப்பது. பழைய பம்பின் பாடு அதுதான். நீங்கள் பொருத்தப்போவது அப்படி அல்ல. இழுக்கச் சொன்னால் திணறும், தள்ளச் சொன்னால் நாள் முழுக்கத் தள்ளும். எங்கே மாட்டுவது, எந்த உயரத்தில் மாட்டுவது என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது. பெயரில் அது தெரியாவிட்டால், படிப்பவர் பழைய பம்பு இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, எஞ்சின் சூட்டில், கைக்கு வாகாகப் புதியதையும் மாட்டிவிடுவார். அப்படி மாட்டிய கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழையதை முதலில் பார்த்துவிடுவோம். செவ்ரோலேயின் சின்ன வி8 எஞ்சினில் பம்பு முன்பக்கம், வலப்புறம், கீழே இருக்கும். எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு மேடு. அதன் மேல் விரல் பருமனில் ஒரு இரும்புத் தண்டு முட்டிக்கொண்டு நிற்கும். மேடு சுற்றச் சுற்றத் தண்டு ஏறி இறங்கிப் பம்பின் கையை அமுக்கும். கை அமுங்கும்போது உள்ளே இருக்கும் ரப்பர்த் திரை பெட்ரோலை இழுக்கும். கை விட்டதும் ஸ்பிரிங் அந்தத் திரையைத் தள்ளி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு அனுப்பும். வெளியே வரும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு வரை. கார்புரேட்டருக்கு அது தாராளம்.

(இந்தப் பம்பைக் கழற்றி மாட்டியவர்களுக்கு அந்தத் தண்டின் குணம் தெரியும். பம்பை எடுத்ததும் வழுக்கிக் கீழே இறங்கிவிடும், புதுப் பம்பை உட்காரவே விடாது. கிரீஸ் தடவி ஒட்டவைப்பார்கள், அல்லது எஞ்சின் முகப்பில் இருக்கும் போல்ட் துளையில் நீளமான போல்ட்டை விரலால் திருகித் தண்டைப் பிடித்து நிறுத்துவார்கள். நீங்கள் மின்சாரப் பம்புக்கு மாறுகிறீர்கள், ஆகவே தண்டையே உருவி எடுத்துவிட்டு ஓட்டையைத் தகடு வைத்து மூடுங்கள். அதை "மூடுதகடு" என்று நீங்கள் எழுதியிருப்பது அருமை, அப்படியே இருக்கட்டும்.)

சிக்கல் அந்தப் பம்புக்கும் டேங்குக்கும் இடையில் இருக்கிறது. பம்பு முன்னால், டேங்க் பின் அச்சுக்கும் பின்னால். நடுவே கார் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய். பம்பு இழுக்கும்போது அந்தக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். போதாததற்கு, அமெரிக்காவில் இன்று கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். அந்த அளவு கலந்தால் ஆவியழுத்தம் கூடும், அதாவது இன்னும் எளிதாக ஆவியாகும். அங்கே பல மாநிலங்களில் கோடைகால விதிகளே ஆவியழுத்த வரம்பில் அதற்கென்று ஒரு பவுண்டு விட்டுக்கொடுக்கின்றன. 1969இல் கார்புரேட்டரையும் எஞ்சின் சூட்டையும் கணக்குப் போட்டவர்கள் இந்த பெட்ரோலைப் பார்த்ததில்லை. கோடை மதியத்தில் சிக்னலில் நிற்கும்போது குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிறது. பம்பின் திரை ஆவியை அமுக்குகிறது, விடுகிறது, மறுபடி அமுக்குகிறது. ஒரு சொட்டும் நகர்வதில்லை.

> இதற்கு "ஆவிப்பூட்டு" என்று போட்டிருக்கிறேன். சரியா?

பூட்டு என்றால் சாவி எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. டீசல் வண்டியில் எண்ணெய் தீர்ந்து நின்றால் நம் மெக்கானிக்குகள் "ஏர் பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வது அடைப்பைத்தான். மூக்கடைப்பு, மாரடைப்பு என்று பழகிய வாய்க்கு "ஆவியடைப்பு" சிரமமே இல்லை. கேட்டவுடன் என்ன நடந்தது என்றும் தெரிகிறது.

ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டிவிடுங்கள். எஞ்சினை அணைத்த பிறகு கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவைக் கிண்ணத்துக்குள்ளேயே அது கொதித்து எஞ்சினுக்குள் வழிவது வேறு நோய். எங்கே மாட்டினாலும் எந்தப் பம்பும் அதைத் தீர்க்காது; கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத தடித்த பட்டை வைக்க வேண்டும். "கிண்ணக் கொதிப்பு" என்று தனியாகப் பெயர் கொடுத்துவிடலாம். இரண்டையும் ஒரே பெயரில் போட்டால் பம்பு வாங்கியவர் உங்களைத்தான் திட்டுவார்.

இனி பம்புக்கு. வந்த பரிந்துரைகளில் "விசையியக்கக் குழாய்" நீளம் என்பதைவிடப் பெரிய தொல்லை, அது குழாயே அல்ல. உங்கள் கட்டுரையில் வரிக்கு வரி உண்மையான குழாய் வருகிறது. "குழாயை விசையியக்கக் குழாயின் உள்வாயில் இணைக்கவும்" என்று எழுதிப் பாருங்கள். "எரிபொருள் உந்தி" என்றால் எனக்குத் தொப்புள்தான் நினைவுக்கு வருகிறது. பக்தி இலக்கியம் படித்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். "பெட்ரோல் பம்பு" என்றால் ஆளுக்கு இருநூறு ரூபாய்க்குப் போட்டுக்கொண்டு கிளம்பும் இடம்.

> பம்பு என்பதே தமிழில்லையே ஐயா?

அடிபம்பு தமிழில்லையா? தெருமுனைக்குத் தெருமுனை நின்ற சாமான் அது. "அடி" என்ற வினையை முன்னால் ஒட்டியதும் அந்தச் சொல் நம்முடையதாகிவிட்டது. தள்ளுவண்டியும் அதே அச்சில் வார்த்ததுதான். அதே வழியில் தள்ளுகிற பம்பு "தள்ளுபம்பு". டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் வகையும் உண்டு. நீர்மூழ்கி மோட்டார் என்று விவசாயிகள் தயங்காமல் சொல்கிறார்கள், ஆகவே இது "மூழ்குபம்பு". பழையதை "இழுபம்பு" எனலாம்.

பெயர் இப்படி வைத்துவிட்டால் பொருத்தும் முறையை விளக்குவது பாதி முடிந்த மாதிரி. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் உள்ளே திட்டு வெட்டி இறக்கினார்களே, காரணம் அதேதான்: இழுக்கும் தூரம் குறைய வேண்டும், தள்ளும் தூரம் எவ்வளவு இருந்தாலும் சரி. காரில் டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ, முடிந்தவரை டேங்க் பக்கத்தில், பின்பக்கச் சட்டத்தில் மாட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் தானாகவே வழிந்து பம்புக்குள் வர வேண்டும். அதற்காகச் சாலைக்கல் அடிக்கும் அளவுக்குத் தொங்கவிடக் கூடாது. புகைக்குழாயிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். டிக்கிக்குள் மாட்டவே கூடாது. சட்டத்துக்கும் பம்புக்கும் நடுவே ரப்பர் வைக்காவிட்டால் கார் முழுக்க ரீங்காரம் கேட்கும்.

வடிகட்டி விஷயத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பம்புக்கு முன்னால் 100 மைக்ரான் அளவில் கண் பெரிய வடிகட்டிதான் வைக்க வேண்டும். நுண்ணிய வடிகட்டியைக் கொண்டுபோய் அங்கே வைத்தால் தள்ளுபம்பை மறுபடி இழுக்கச் சொல்கிறோம். உள்வாயில் குமிழ் கிளம்பும், எதற்காகக் காசு செலவழித்தோமோ அந்த ஆவியடைப்பே திரும்ப வரும். நுண்ணிய வடிகட்டி பம்புக்குப் பின்னால் இருக்கட்டும்.

அழுத்தம் பற்றி ஒரு வரி போதும். ஹாலி நிறுவனத்தின் சிவப்புப் பம்பு 7 பவுண்டில் நின்றுவிடும், நீலப் பம்பு 14 வரை போகும். நீலத்துக்கு அழுத்தச் சீராக்கி கட்டாயம், இல்லாவிட்டால் கிண்ணத்தின் வாயை அடைக்கும் மிதவை ஊசியை மீறிக் கார்புரேட்டர் வழியும்.

> "இனெர்ஷியா சுவிட்சு" = நிலைமச் சுவிட்சு?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், உங்கள் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி இது. எஞ்சின் நின்றால் இழுபம்பும் தானாக நின்றுவிடும். தள்ளுபம்புக்கு எஞ்சினைப் பற்றிக் கவலையில்லை. விபத்தில் கார் நசுங்கி, எஞ்சின் நின்று, குழாய் அறுந்து கிடந்தாலும், சாவி திருப்பியபடி இருந்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் இந்தச் சுவிட்சு. உள்ளே ஒரு எஃகுக் குண்டைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும். பலமாக மோதினால் குண்டு காந்தத்தை விட்டுத் தெறித்து மேலே உள்ள தகட்டைத் தட்டும், மின்சாரம் அறுந்துவிடும். தலையில் இருக்கும் பொத்தானை அமுக்கினால்தான் திரும்ப வேலை செய்யும்.

தமிழ்நாட்டுப் பாடநூல் நிலைமம் என்கிறது, இலங்கைப் பாடநூல் சடத்துவம் என்கிறது. காருக்கு அடியில் படுத்திருப்பவருக்கு இரண்டும் வேண்டாம். "மோதல் சுவிட்சு" என்று போடுங்கள். இத்துடன் எஞ்சின் ஆயிலின் அழுத்தம் விழுந்தால் பம்பை நிறுத்தும் சுவிட்சையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டில் ஒன்றாவது இல்லாமல் மாட்டக் கூடாது என்று தடித்த எழுத்திலேயே போடுங்கள்.

"தசைமகிழுந்து" என்று யாரோ எழுதியிருந்தீர்கள். சிரித்துவிட்டு நகர்கிறேன். மஸில் கார் மஸில் காராகவே இருக்கட்டும்.

---

ஐயா, வணக்கம்.

தள்ளுபம்பு, ஆவியடைப்பு, மோதல் சுவிட்சு மூன்றையும் எடுத்துக்கொண்டேன். "இழுபம்பு" மட்டும் நெருடுகிறது. எழுதிப் பார்த்தேன், ஏதோ கட்டி இழுக்கிற வண்டி போல இருக்கிறது. அப்புறம் டேங்குக்கு யாழ்ப்பாணத்து அக்கா "தாங்கி" என்று சொல்லியிருந்தார். அதைப் போடலாமா?

---

தம்பி,

இழுபம்பை விட்டுவிடுங்கள், நீங்கள் சொல்வது சரி. எப்படியும் அதைக் கழற்றி வைக்கப்போகிறோம்; "எஞ்சின் பம்பு" போதும், எங்கே தேடுவது என்றும் தெரிந்துவிடும்.

தாங்கி அங்கே நல்ல புழக்கச் சொல், அக்கா சொன்னது பிழையில்லை. ஆனால் இங்கே பேரிங்குக்கும் தாங்கி என்று எழுதுகிறார்கள். உங்கள் கட்டுரையில் பின் அச்சு பேரிங் இரண்டு இடத்தில் வருகிறது, நான் எண்ணிவிட்டேன். டாங்கி என்று போட்டாலோ போர்க்களத்துக்குப் போய்விடும். "டேங்க்" என்றே விடுங்கள்.

மீதி பெட்ரோலைத் திருப்பி அனுப்பும் குழாய்க்கு இன்னும் நீங்கள் எதுவும் எழுதவில்லை. "திரும்புகுழாய்" என்று வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.